ஜெய்சல்மேர் போகிற மகளுக்கு

பாப்பாவுக்கு,

அப்பா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம். கெடிலத்துல வெள்ளம் வடிஞ்சுபோச்சு. மாடி ஒழுகல் மட்டும் நிக்கல, கொத்தனார் பொங்கலுக்கு அப்புறம் வரேன்னு சொல்லியிருக்கார்.

உன் மெசேஜ் பார்த்தேன். "ஜனவரியில ஜெய்சல்மேர், அஞ்சு நாள், ஒரு ஆளுக்கு, பிளான் போட்டுத் தாங்கப்பா." போன்ல சொல்ல ஆரம்பிச்சா "சரிப்பா, மீட்டிங்"னு வெச்சுடுவ. அதான் உட்கார்ந்து எழுதறேன். தீபாவளிக்குக் கிடைக்காத லீவு ஜனவரியிலயாவது கிடைச்சுதே, சந்தோஷம். ஒரு ஆளுக்குன்னு போட்டிருக்க. சரி.

முதல்ல செலவுக் கணக்கு. ரூம் வாடகை அங்க ஒரு ஆளுக்கும் ரெண்டு ஆளுக்கும் பெரும்பாலும் ஒண்ணுதான். ஜீப்பும் அப்படித்தான், வண்டிக்குத்தான் காசு, தலைக்கு இல்ல. மாப்பிள்ளைக்கு லீவுதான் பிரச்சினைன்னா ரெண்டு வாரம் தள்ளிப்போடு, பிப்ரவரி முடியறவரைக்கும் சீசன்தான். மார்ச் பாதிக்கு மேல வெயில் ஏறிடும், மே ஜூன்ல 45 டிகிரி சாதாரணம். தள்ளிப்போட்டா பாலைவனத் திருவிழா நாளை மட்டும் பார்த்துக்கோ. அது பௌர்ணமியை ஒட்டி வரும், சில வருஷம் நம்ம தைப்பூசத்தோட, சில வருஷம் மாசி மகத்தோட. அந்த நாள்ல ரூம் கிடைக்காது, கிடைச்சாலும் ரேட்டு எகிறியிருக்கும்.

கோட்டைக்குள்ள ரூம் போடாதே. போட்டோவுல ஜன்னல், மாடம்னு அழகா காட்டுவான், மயங்காதே. ராவல் ஜெய்சல் 1156ல கட்டின கோட்டை அது. இன்னிக்கும் உள்ள ஆயிரக்கணக்கான ஜனங்க குடியிருக்காங்க, கடை, கோயில், சந்து எல்லாம் உண்டு. மேல மணல்கல், அதுக்கு அடியில களிமண் மாதிரி இளகின அடுக்கு. அந்தக் காலத்துல தண்ணியைக் குடத்துல சுமந்து ஏத்தினாங்க, சிந்தினதும் காய்ஞ்சுடும். குழாய் போட்டு, ஹோட்டலுக்கு ஹோட்டல் பாத்ரூம் கட்டினதுக்கப்புறம் கழிவுத்தண்ணி கசிஞ்சு அடிக்களிமண்ணை ஊற வெக்குது. களிமண் உப்பும், நழுவும், மேல இருக்கிற கல் விரியும். 1990கள்ல சில கொத்தளங்களே சரிஞ்சு விழுந்தது. 2013ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தும் இந்தத் தொல்லை தீரல. கீழ ஊருக்குள்ள, கோட்டை தெரியற மாதிரி மொட்டை மாடி உள்ள இடமா பாரு. ராத்திரி விளக்கு போட்டதும் கீழ இருந்து பார்க்கறதுதான் அழகு. மேல இருந்தா கோட்டையே தெரியாது.

புக் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ. சில இடத்துல ரூமை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துட்டு, "ஒட்டக சவாரி எங்ககிட்டதான் எடுக்கணும்"னு மறுநாள் காலையில ஆரம்பிப்பாங்க. மாட்டேன்னா முகம் மாறிடும். சவாரி கட்டாயமா இல்லையான்னு முன்னாடியே எழுத்துல வாங்கு. ஸ்டேஷன்ல சட்டைக்காலரைப் பிடிக்காத குறையா ஏஜென்ட்டுங்க சூழ்ந்துப்பாங்க, "ரூம் இருக்கு"ன்னு ஒரே வார்த்தையில நகரு.

நீ வேலை பார்க்கிற டெல்லிப் பக்கத்துல இருந்து ரயில்ல போனா ராத்திரி முழுக்க ஓடி மறுநாள்தான் சேரும். ஏசியிலேயே போ, வசதிக்காகச் சொல்லல. போக்ரான் தாண்டினா ஸ்லீப்பர்ல ஜன்னல் இடுக்கு வழியா மணல் வந்து பெர்த்துல படியும், மூக்குக்குள்ளயும் போகும். ஜோத்பூர்ல ஒரு நாள் இறங்கிப் போறதுன்னாலும் சரி. 1459ல தொடங்கின மெஹ்ரான்கர் கோட்டை மட்டுமே அரை நாள் ஆகும். அங்க ஆடியோ கைடு நல்லா இருக்கும், ஆள் கைடு வேண்டாம். ஜோத்பூர்ல இருந்து ரோட்டுல அஞ்சு மணி நேரம்.

ஜெய்சல்மேர்ல கோட்டைக்குக் காலையில சீக்கிரம் போ. அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல்னு நாலு வாசல். வழி வளைஞ்சு வளைஞ்சு ஏறும், எதிரி யானை வேகமெடுத்து வந்து மோத முடியாதபடி போட்டது. அந்தப் பாதைக்கல் நூத்துக்கணக்கான வருஷம் காலும் குளம்பும் பட்டு வழவழன்னு இருக்கும். அடி வழவழன்னு இருக்கிற செருப்பு போட்டா இறங்கறப்ப வழுக்கும், அடியில ரப்பர் பிடிமானம் உள்ளதா போடு. பைக்கும் மாடும் அதே வழியிலதான் வரும். கோட்டைக்குள்ள நுழைய டிக்கெட் கிடையாது, அரண்மனை மியூசியத்துக்குத்தான் உண்டு.

சமணக் கோயில் ஏழு இருக்கு, ஒண்ணோடொண்ணு சேர்ந்தாப்புல. வெளி ஆளுங்களை முற்பகல்லதான் விடுவாங்க, அதனால அரண்மனையை அப்புறம் வெச்சுக்கோ. தோல் பெல்ட்டு, தோல் பர்ஸ் உள்ள ஆகாது. வாசல்ல பலகை இருக்கும், படிச்சுக்கோ, உங்கம்மா சொல்லச் சொன்னா. பார்சுவநாதர் கோயில் தோரணத்தை அண்ணாந்து பார்க்காம போயிடாதே. கோயிலுக்கு அடியில ஞான பண்டார்னு சுவடிச்சாலை, 900 வருஷத்துக்கு மேல ஆன ஓலைச்சுவடிங்க இருக்கு. நம்ம திருப்பாதிரிப்புலியூர்லயும் ஒரு காலத்துல பெரிய சமணப் பள்ளி இருந்தது, அப்பர் தருமசேனரா இருந்த இடம். அந்தப் பள்ளி போன இடம் தெரியல. அங்க பாலைவனம், பூச்சி குறைவு, ஓலை தங்கிடுச்சு.

ஹவேலிங்கற பழைய பெரிய வீடுகள்ல பட்வா ஹவேலிக்குத்தான் எல்லாரும் ஓடுவாங்க. ஒரு வியாபாரி அஞ்சு பிள்ளைகளுக்கு அஞ்சு வீடு, 1805ல தொடங்கினது. ஒண்ணு தனியார் கையில, மத்ததுக்கு வேற டிக்கெட். ஒண்ணு பார்த்தா போதும். சாலிம் சிங் ஹவேலியை ரோட்டுல நின்னு பாரு, உள்ள பெருசா ஒண்ணுமில்ல. நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியது நத்மல் ஹவேலி. அண்ணன் தம்பி ரெண்டு சிற்பிங்க, ஒருத்தர் இடப்பக்கம், ஒருத்தர் வலப்பக்கம் செதுக்கினது. தூரத்துல ஒண்ணு போல தெரியும். கிட்டப் போய் பூவையும் கல்லுல செதுக்கின ஜாலி ஜன்னலையும் ஒவ்வொண்ணா ஒத்துப்பாரு, வேற வேறயா இருக்கும். ஒத்துப்போகலன்னு யாரும் பாதியில விட்டுட்டுப் போகல, வீடு முடிஞ்சு இன்னும் நிக்குது.

கடிசர் ஏரிக்கு விடியக்காலையில போ. கால்வாய்த் தண்ணி வர்றவரைக்கும் ஊரே அந்த ஏரியைத்தான் குடிச்சது. கரையில ரொட்டி போட்டா கெளுத்தி மீன் கூட்டமா வாயைப் பிளந்துட்டு வரும், கையை வெக்காதே. திலோன்கிற தாசி கட்டின வாசல் வழியாத்தான் ஏரிக்கு இறங்கணும். ராஜகுடும்பம் அதை இடிச்சுடும்னு மேல கிருஷ்ணர் சந்நிதி வெச்சுட்டாளாம், அப்புறம் யார் கை வைப்பாங்க. கெட்டிக்காரி.

குல்தரா, ஊருக்குத் தென்மேற்கே 18 கிலோமீட்டர். பாலிவால் பிராமணங்க விட்டுட்டுப் போன ஊர். பேய் உலவுதுன்னு கதை விடுவாங்க, திவான் சாலிம் சிங் கொடுமையில ஒரே ராத்திரியில கிளம்பினாங்கன்னும் சொல்லுவாங்க. அதுல பாதியை வடிகட்டிக்கோ. நீ பார்க்க வேண்டியது காதீன். சரிவோட அடிவாரத்துல நீளமா ஒரு மண் கரை போடுவாங்க. மேல இருக்கிற பாறைத்தரையில பெய்யற மழை ஓடிவந்து கரையில தேங்கும், மெதுவா மண்ணுல இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில தண்ணி வத்தினதும் அந்த ஈரத்துலயே கோதுமை, கொண்டைக்கடலை விதைச்சுடுவாங்க, பாய்ச்சலே கிடையாது. வருஷம் முழுக்க சேர்த்தா 20 சென்டிமீட்டர் மழை வந்தா பெருசு அங்க. 2024 ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சு, நாம அத்தனையையும் கடலுக்கு அனுப்பினோம். ஜனவரியில போறதால பயிர் பச்சையா நிக்கறதைப் பார்க்கலாம்.

பார்மர் ரோட்டுல 17 கிலோமீட்டர் போனா ஆகல் கல்மரப் பூங்கா. சின்ன வயசுல திருவக்கரைக்குக் கூட்டிட்டுப் போனப்ப கல்மரத்தை விட்டு நகரமாட்டேன்னு அடம் பிடிச்சவ நீ. திருவக்கரை மரம் 2 கோடி வருஷம், ஆகல் மரம் 18 கோடி வருஷம். இரும்புக் கூண்டுக்குள்ள கிடக்கும், வேற ஒண்ணும் இருக்காது, அரை மணி நேரம் போதும். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் பிடிக்குமோ என்னமோ. போன வாரம் அவருக்கு வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்பினேன், ஒத்தை டிக்கோட நிக்குது. நம்பர் மாத்திட்டாரா? பண்ருட்டியில இருந்து இந்த வருஷம் பலாப்பழமும் வரல. நானும் கேட்டுக்கல.

மணல் மேட்டுக்கு வரேன். சாம் 42 கிலோமீட்டர், ஜீப்பு, பாட்டு, பிளாஸ்டிக்குன்னு சந்தைக்கடையா இருக்கும். குரி கொஞ்சம் தூரம் கூட, ஆனா அமைதி. ராத்திரி டெண்ட்டு வேண்டாம். ரெண்டு பேரா போனா அது வேற, ஒத்தையில வேண்டாம். நாலு மணிக்குக் கிளம்பி, சூரியன் இறங்கறதைப் பார்த்துட்டு எட்டு மணிக்குள்ள ஊருக்குத் திரும்பு. வண்டி நம்பரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டு ஏறு. ஹோட்டல்ல அவசரத்துக்கு யார் நம்பர்னு கேட்டா என் நம்பரைக் கொடு.

ஒட்டகம் எழுந்திருக்கும்போது பின்னங்காலைத்தான் முதல்ல தூக்கும். உன்னை அப்படியே முன்னாடி தள்ளும், அதனால எழுந்திருக்கறப்ப நல்லா பின்னாடி சாஞ்சுக்கோ, ரெண்டு கையாலயும் சேணத்து முன்கொம்பைப் பிடி. அடுத்த நொடி முன்னங்கால் எழும், அப்ப நிமிர்ந்துக்கலாம். உட்கார்றப்ப முன்முட்டிதான் முதல்ல மடியும், திரும்பவும் பின்னாடி சாயணும். நிறைய பேர் விழறது ஏறும்போது இல்ல, "வந்தாச்சு"ன்னு கையை விட்டுட்டு இறங்கும்போதுதான். ஒட்டகக்காரர் கயிறைப் பிடிச்சு நடந்து வரணும், உன் பின்னாடி ஏறி உட்காரக் கூடாது. இதை ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடு. ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், தொடை உரசிடும். முழு நீள காட்டன் பேன்ட் போடு. போனை ஜிப்லாக் கவர்ல போடு, சார்ஜர் ஓட்டையில மணல் போனா அவ்வளவுதான்.

கடலோர உப்புக் காத்துல வளர்ந்த உடம்பு உனக்கு. அங்க வியர்வை தெரியாமலே காய்ஞ்சுடும், தாகமும் எடுக்காது, சாயங்காலம்தான் தலைவலி பிடிக்கும். தாகம் இல்லாட்டியும் மூணு லிட்டர் குடி, ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட் வெச்சுக்கோ. படுக்கப் போறப்ப மூக்குக்குள்ள தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவு, இல்லேன்னா காலையில ரத்தம் கசியும். பகல்ல 24 டிகிரி இருக்கும், ராத்திரி 7, 8க்கு இறங்கிடும். உங்கம்மா பின்னின மஃப்ளரை எடுத்துக்கோ. தண்ணி குடி, மறக்காதே.

சாப்பாட்டுல கேர் சாங்கரி கேளு. சாங்கரிங்கறது நம்ம வன்னி மரத்துக் காய், விருத்தாசலம் கோயில் தலமரம் இருக்கே, அதேதான். ஊறவெச்சு, எண்ணெய்லயும் மோர்லயும் வதக்குவாங்க, லேசா கசக்கும், கம்பு ரொட்டிக்கு ஏத்தது. மீன் இல்லாம உனக்கு அஞ்சு நாள் கஷ்டம்தான். தயிர் உறைய வைக்கிற கல்லுன்னு ஹாபூர் கல் கிண்ணம் விப்பாங்க. கிண்ணம் அழகுதான், அழகுக்கு உள்ள காசை மட்டும் கொடு.

தனியா இவ்வளவு தூரம் போற தைரியம் எந்தப் பொண்ணுக்கு வரும்னு வடலூர் சித்தப்பாகிட்ட பெருமையாத்தான் சொன்னேன். அவர் "ஏன் தனியா?"ன்னு கேட்டார். ஆபீஸ் லீவுன்னு சொல்லிட்டேன். சரியா?

ரிட்டர்ன் டிக்கெட் இன்னும் போடல. டெல்லிக்கே போடணுமா, இல்ல இங்க வரியான்னு சொல்லு. ஜோத்பூர்ல இருந்து சென்னைக்கு நேர் வண்டி இருக்கு, அதோட கிழமை பார்த்து ஜெய்சல்மேர்ல ஒரு நாளைக் குறைக்கணும். சாலிம் சிங், ஆகல் ரெண்டையும் விட்டா நாள் சரியா வரும். சென்னைக்கு நானே வந்து நிப்பேன். முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடியே திறந்துடும், கீழ் பெர்த் சீக்கிரம் போயிடும். எந்த ஊருக்குன்னு மட்டும் ஒரு வரி போடு, காரணம் எல்லாம் வேண்டாம், அப்பா டிக்கெட் போட்டுடறேன்.

அப்பா
கடலூர்