தலைக்கட்டுக் கணக்கு

அன்புள்ள பேச்சிமுத்து,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிசான நெல் அறுத்து வைக்கோலும் படப்பு ஏறிவிட்டது. மதினியிடம் சைக்கிள் கதையை இன்னும் நீ சொல்லவில்லையாமே? நான் தாராவிக்கு வந்து சொல்லட்டுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் இசக்கியை ஊரைவிட்டு ஒதுக்கி வைத்துவிட்டோம். ஆமாம், 'வைத்துவிட்டோம்' என்றுதான் எழுதுகிறேன். நானும் கை தூக்கினேன்.

சித்திரைக் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, 5,000 ரூபாய் வரி. கூட்டத்தில் இசக்கி எழுந்தான். "எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கொடைக்கு வரி தரமாட்டேன். குளம் தூர் வாரக் கேளுங்க, 10,000 தாரேன்" என்றான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கே திருநீறு பூசாமல் போனவன் அல்லவா? அன்றைக்கு நாம் அதைச் சிரித்துக் கடந்தோம். ஊர் அப்படிக் கடக்கவில்லை. "ஊரு பெருசா, நீ பெருசா?" என்று ஒரு குரல் வந்ததும் அவ்வளவுதான். கை தூக்கச் சொன்னார்கள். தூக்காதவர்கள் நாலு பேர். அவன் வீட்டோடு பேச்சு வார்த்தை கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, மீறினால் 2,000 அபராதம்.

மூன்றாம் நாள் காலையில் அவனுடைய சின்ன மகள் என் கடைக்கு வந்தாள். "மாமா, அரை லிட்டர் பாலு." டிரே நிறையப் பால் பாக்கெட் அவள் கண்ணெதிரே இருக்கிறது. "இல்லம்மா" என்றேன். டிரேயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டு போய்விட்டாள். அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை பேச்சி.

ஊர்க்கூட்டமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு தெருவுக்குள் வந்தபோது, அதிகாரிகள் வருவதற்கு முன்னால் உலை வைத்தது இந்த ஊர்தான். இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டை சுமந்தவர்களில் இசக்கியும் ஒருவன். அன்று அவனுக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். மடைத் தண்ணீரை எடுத்துக்கொள். முறை போட்டு, பெரும்பாலோர் சொன்னபடி அடைத்துத் திறந்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும். ஒருத்தன் முறை தவறினால் அடுத்தவன் வயல் காயும். அங்கே ஊர் சொல்வதை அவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் இசக்கி கும்பிடாவிட்டால் யார் வயல் காய்கிறது? அதை எதற்கு நாம் கை தூக்கி எண்ணினோம்?

வடக்குத் தெரு வக்கீல் தம்பியிடம் கேட்டேன். ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்றே போடுகிற வரியைக் கட்டும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறதாம். அது அரசாங்கம் போடும் வரிக்கு. ஆனால் அரசாங்கத்துக்கே ஆகாது என்று வைத்த ஒன்றை நாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செய்யலாமா?

அவன் சொன்ன இன்னொரு வழக்கு என்னை விடவே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தில், 1985இல் நடந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவு. தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். பேச்சு சட்டசபை வரை போய், பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம்தான் திரும்பச் சேர்க்கச் சொன்னது. ஒரு பொருட்டாகவே தெரியாத சிறுபான்மைக்கும் இந்த அரசியல் சட்டத்தின் கீழ் தன் அடையாளம் கிடைக்கிறதா என்பதுதான் ஜனநாயகத்துக்கு உண்மையான பரீட்சை என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி அதில் எழுதியிருக்கிறார். ஒரு நாட்டின் கீதத்துக்கே அந்தப் பிள்ளைகளை விட்டுக்கொடுக்கவில்லை பார். நாம் ஒரு கொடைக்காக இசக்கியின் பிள்ளையைப் பால் இல்லாமல் அனுப்பியிருக்கிறோம்.

அப்புறம், இந்தத் தலைக்கட்டுக் கணக்கையே யோசித்துப் பார். 143 தலைக்கட்டு என்றால் கணக்கில் 143 ஆம்பளைகள், அவ்வளவுதான். என் வீட்டில் அம்மாவும் இருக்கிறாள், இவளும் இருக்கிறாள். இருவரையும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா காதைத் திருகியிருப்பாள். அரசியல் சட்ட வரைவை அரசியல் நிர்ணய சபையில் வைத்தபோது, 1948 நவம்பர் 4 அன்று, கிராமத்தை விட்டுவிட்டுத் தனி மனிதனை அலகாக எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி என்று அம்பேத்கர் பேசினாராம். முன்பெல்லாம் இதைக் கேட்டிருந்தால் நம் ஊரைத் திட்டுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்திருக்கும். இப்போது வரவில்லை.

நீ இருக்கும் மகாராஷ்டிரத்தில் ஊர் விலக்கத்துக்கு எதிராகவே 2016இல் சட்டம் கொண்டுவந்து, மூன்று ஆண்டு வரை சிறை என்று வைத்திருக்கிறார்கள். இங்கேயும் புகார் கொடுக்க வழி இருக்கிறது என்கிறான் வக்கீல் தம்பி. இசக்கிதான் வேண்டாம் என்கிறான். "போலீஸு ஒரு நாள் வந்துட்டுப் போயிரும். நான் இதே தெருவுலதான இருக்கணும்" என்கிறான். இதை அவன் என்னிடம் சொன்னது ராத்திரி வாய்க்கால் கரையில், இருட்டில். கூட்டாளியோடு பேச இருட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை மறு கூட்டம். நான் எழுந்து பேசப் போகிறேன். என் கையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வேன். இதில் உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. நீ அனுப்பிய 5,000 வரவு வைத்தாகிவிட்டது, உன் தலைக்கட்டும் அந்த 143இல் ஒன்று. 'ஊர் முழுக்கச் சம்மதம்' என்று நோட்டில் எழுதியிருக்கிறார்களே, அதில் நீயும் அடக்கம். வரி கொடுத்தேன், ஒதுக்கி வைக்கச் சம்மதம் கொடுக்கவில்லை என்று உன் கைப்பட நாலு வரி எழுதிப் படம் எடுத்துப் போனில் அனுப்பு. பம்பாயில் இருக்கும் மற்ற இரண்டு பேரிடமும் பேசு.

நேற்றுக் காலையில் பால் எடுத்துக்கொண்டு நானே இசக்கி வீட்டுக்குப் போனேன். சின்னவள்தான் கதவைத் திறந்தாள். வாங்கிக்கொண்டாள், ஒன்றும் பேசவில்லை. தெருவில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அபராதம் வரட்டும்.

வியாழன் ராத்திரிக்குள் அனுப்பிவிடு.

உன்,
சங்கரபாண்டி