திறந்த ஜீப்பில் பாட்டு: வாட்டைக் கூட்டுவதால் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூரையில்லாத ஜீப்புகளில் ஸ்டீரியோ பொருத்துவது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். காற்றின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமானால் ஆயிரம் வாட் ஆம்ப்ளிஃபயரும் பின்பக்கம் அடிச்சுருதி ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கரும் இல்லாமல் முடியாது என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. காரைக்குடியில் வாகனங்களுக்கு மின்வேலை செய்து வருகிறவன் நான். அந்த யோசனைப்படி வேலை நடந்தால் கடைக்கு வருமானமும் தெருவுக்குத் தொல்லையும் மிஞ்சுமே தவிர, வண்டியில் அமர்ந்திருப்பவருக்குப் பாட்டு நன்றாகக் கேட்காது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் செட்டிநாட்டுப் பகுதியில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. பெரிய வீடுகளின் கொட்டகைகளில் படுதா கிழிந்து கிடந்த பழைய மஹிந்திரா ஜீப்புகளைச் சிலர் வெளியே எடுத்துப் புதுப்பிக்கிறார்கள். உற்பத்தி நின்றுபோன மாருதி ஜிப்ஸியைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2020-இல் புது வடிவில் வந்த மஹிந்திரா தார் வண்டியின் துணிக்கூரை வகையை வாங்கிய இளைஞர்கள் ஒருபுறம். கானாடுகாத்தானுக்கு வரும் வெளியூர் விருந்தினரை ஏற்றிக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போய்வரும் விடுதி ஜீப்புகள் மறுபுறம். எல்லோரும் வந்து முதலில் கேட்பது, எத்தனை வாட் போடலாம் என்பதுதான். ஸ்பீக்கரை எங்கே வைக்கலாம் என்று கேட்பவர் அரிது.

மூடிய காருக்கும் திறந்த ஜீப்புக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்ல வேண்டும். காரில் கூரையும் கதவும் கண்ணாடியும் சேர்ந்து அடிச்சுருதி ஒலியை உள்ளேயே நிறுத்தி வலுப்படுத்துகின்றன. சிறிய ஸ்பீக்கர்கூடக் காருக்குள் கனமாகக் கேட்பதற்கு அதுவே காரணம். திறந்த ஜீப்பில் அந்த உதவி அறவே கிடையாது. ஸ்பீக்கரிலிருந்து புறப்படும் ஒலி நாலாபுறமும் விரிந்து போய்விடுகிறது. அதோடு, ஓடும் வண்டியில் காற்றும் டயரும் எழுப்பும் இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த சுருதியிலேயே இருப்பதால், சப்வூஃபர் எழுப்பும் ஒலியைத்தான் அது முதலில் விழுங்குகிறது. ஆகவே வண்டி நிற்கும்போது நெஞ்சை அதிரவைக்கும் சப்வூஃபர், திருப்பத்தூர் சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உள்ளே இருப்பவருக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. சிறிய அடைப்புப் பெட்டியில் எட்டு அங்குல சப்வூஃபர் ஒன்றை இருக்கைக்கு அடியில் வைத்து, இருக்கையின் வழியாகவே அதிர்வை உணரச் செய்வது வேறு. அதற்கு நான் எதிரியல்லன்.

இனி வாட் கணக்குக்கு வருகிறேன். ஒலியின் அளவு 3 டெசிபல் உயர வேண்டுமானால் மின்திறனை இரட்டிப்பாக்க வேண்டும். காதுக்கு இருமடங்கு சத்தம் என்று தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன் தேவை. ஆனால் திறந்த வெளியில் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தொலைவைப் பாதியாகக் குறைத்தாலே 6 டெசிபல் கிடைத்துவிடுகிறது. இது திறனை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். டேஷ்போர்டுக்குக் கீழே, முழங்காலுக்கு நேராக, ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கருக்கு 200 வாட் கொடுத்துப் பெறும் சத்தத்தை, அதே ஸ்பீக்கரைக் காதிலிருந்து அரை மீட்டரில் வைத்து 50 வாட்டில் பெற்றுவிடலாம். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கரை விட்டு 92 டெசிபல் தருவதைத் தேர்ந்தெடுத்தால் மீண்டும் அதே நான்கு மடங்கு லாபம். தாரின் சில வகைகளில் தயாரிப்பாளரே ஸ்பீக்கர்களைத் தலைக்கு மேலுள்ள சட்டத்தில் பொருத்தித் தருவதும் இந்தக் காரணத்தால்தான். பழைய ஜீப்பிலும் ரோல் பாரில் வளையக் கவ்வி போட்டு, உருளை வடிவக் கூடுகளில் 6.5 அங்குல ஸ்பீக்கர்களைக் காதை நோக்கித் திருப்பி வைக்கலாம். கவ்விதான் போட வேண்டும். வண்டி கவிழ்ந்தால் உயிரைக் காக்க வேண்டிய கம்பியில் துளையிடுவது சரியல்ல. குலுங்கும் பாதையில் தலை போய் மோதாத இடமா என்று, ஓட்டுபவரை உட்காரவைத்துப் பார்த்த பிறகே திருகை இறுக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களை நம்புவது பற்றியும் ஒரு சொல். 4 × 50 வாட் என்று எழுதியிருக்கும் செட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ப்யூஸ் இருக்கும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்துக்கொண்டாலும் 10 ஆம்பியருக்கு 140 வாட்டுக்கு மேல் உள்ளேயே போக முடியாது. வெளியே 200 வாட் எப்படி வரும்? தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவு என்ன என்று கேட்டால் ஒரு ஸ்பீக்கருக்கு 15, 20 வாட்டுக்கு வந்து நிற்கும். அது குறைவல்ல, சரியான இடத்தில் வைத்த நல்ல ஸ்பீக்கருக்கு ஊருக்குள் அதுவே போதும். நெடுஞ்சாலைக்கும் வேண்டுமென்றால் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 50 வாட் ஆர்.எம்.எஸ். தரும், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகைச் சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் செலவழிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தங்கள் கட்டுரை ஏறக்குறைய தொடாமலே விட்ட செய்தி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் படுதா போட்ட ஜீப்பும் உள்ளே நனையத்தான் செய்யும். காகிதக் கூம்பும் நுரை விளிம்பும் உள்ள வீட்டு ஸ்பீக்கர்களையோ சாதாரணக் கார் ஸ்பீக்கர்களையோ போட்டால் கூம்பு ஊறித் தளர்ந்துவிடும். வெயிலில் நுரை பொடிந்து உதிரும். படகுகளுக்கென்று செய்யப்படும் வகையில் பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் துருப்பிடிக்காத வலையும் இருக்கும். விலை கூடுதல் என்றாலும் திறந்த வண்டிக்கு அவையே பொருத்தம். வாங்கும்போது ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 54 என்றால் ஓரளவு தூசியையும் தெறிக்கும் நீரையும் தாங்கும். 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் நீரையும் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் பழுதாகாது. மழையை விடப் பெரிய பகை வாட்டர் சர்வீஸ் கடையின் குழாய்தான். 54 போட்ட ஸ்பீக்கரை நேராக வைத்துப் பீய்ச்சிவிட்டு, மழை தாங்கும் என்று சொன்னீர்களே என்று கேட்பது முறையாகாது.

கடற்கரைப் பக்கம் போகிற வண்டிகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குப் போனால் அங்கே உப்புக்காற்று. சாதாரண இரும்புத் திருகும் முனைகளும் அதில் விரைவில் துருவேறும். உலோக அரிமானத்தை ஆராய்வதற்கென்றே பெயர்பெற்ற சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1953-இல் திறக்கப்பட்ட அந்நிறுவனம் மண்டபம் கடற்கரையில் ஓர் ஆய்வு நிலையத்தையும் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒயர் இணைப்புகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி விடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி, அழுத்திப் பிடித்த முனை, அதன்மேல் உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் என்று செய்தால் இணைப்பில் ஈரம் புகாது. ஒயர் ஸ்பீக்கருக்குள் நுழையும் இடத்தில் சற்றே கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். இதற்குக் காசு எதுவும் செலவில்லை.

எங்கள் செம்மண் புழுதியையும் மறந்துவிடக் கூடாது. அது காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவிலுள்ள நூலிழை இடைவெளியில் புகுந்தால் ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கும். பிறகு சுத்தம் செய்வது நடவாத காரியம். அடைப்புள்ள கூடுதான் இதற்கு வழி. தொடுதிரை செட்டுகளும் திறந்த வண்டிக்கு ஏற்றவை அல்ல என்பது என் கருத்து: உச்சிவெயிலில் திரை தெரியாது, குலுங்கும்போது விரல் நினைத்த இடத்தில் விழாது. பிடித்துத் திருகக் கூடிய குமிழ் இருந்தால் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. பூட்டில்லாத வண்டியை மகர்நோன்புப் பொட்டல் ஓரத்தில் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள், பூட்டிய பெட்டிக்குள் கருவியை மறைத்து ப்ளூடூத் வழியாக இயக்கும் வகையைத் தேர்ந்தால் திருட்டுப் பயமும் குறையும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒயரிங். 400 வாட் ஆம்ப்ளிஃபயர் முழு வேகத்தில் 30 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். வழக்கமான 60 வாட் பல்பு போட்ட இரு ஹெட்லைட்டும் சேர்ந்தே 120 வாட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், மின்சாரம் ஆக்கித் தர ஆல்டர்நேட்டருக்குப் பதில் அதைவிடத் திறன் குறைந்த டைனமோ இருக்கும் பழைய ஜீப்புகளின் நிலை விளங்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ அந்தச் சுமையை ஈடுசெய்யாது, பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். வண்டியின் வோல்ட்டையும் முதலில் அளந்து பார்க்க வேண்டும்: மிகப் பழைய வில்லிஸ் ஜீப்புகள் 6 வோல்ட், ராணுவத்தில் கழித்து ஏலத்தில் வந்த வண்டிகளில் சில 24 வோல்ட். 12 வோல்ட் செட்டை அவற்றில் நேரடியாக இணைக்கவே கூடாது. பேட்டரியிலிருந்து புறப்படும் ஒயரில் 45 சென்டிமீட்டருக்குள் ப்யூஸ் இருக்க வேண்டும். ப்யூஸை ஆம்ப்ளிஃபயர் அருகே மட்டும் போட்டால், நடுவழியில் ஒயர் தகட்டில் உரசி மேலுறை கிழியும்போது அதைத் தடுக்க எதுவும் இருக்காது. பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த ஓர் இடத்தில் பாய்ந்து தீப்பிடிக்கும். வில்லிஸ் வகை ஜீப்புகளில் எரிபொருள் தொட்டி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது என்பதையும், அந்த வழியாகத்தான் பலர் ஒயரை இழுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். எதிர்ப்பக்கமாக இழுத்து, தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடுவதால் வேலை ஒரு மணி நேரம் கூடலாம், அவ்வளவே. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயரைத் தவிர்க்க வேண்டும். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்க வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீச்சொலி வருவதற்கு மோசமான எர்த்தே பெரும்பாலும் காரணம்.

இந்த ஆயிரம் வாட் யாருக்குக் கேட்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் தெருக்களில் இருபுறமும் உயர்ந்த சுவர்கள் நெடுகப் போகின்றன. அவற்றுக்கு நடுவே ஊர்ந்து செல்லும் ஜீப்பின் சப்வூஃபர் சுவருக்குச் சுவர் மோதி, வீட்டின் முகப்பைத் தாண்டி உள்முற்றமான வளவு வரைக்கும் அதிர்கிறது. அத்தனை பெரிய வீட்டில் தனியாக இருப்பவர் பெரும்பாலும் ஒரு வயதான ஆச்சியாகத்தான் இருக்கிறார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டுள்ளன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கும் கருவிகளை மூடிய அரங்குகளுக்குள் தவிர இயக்கக் கூடாது என்றும் அவை கூறுகின்றன; கூரையே இல்லாத ஜீப் எந்தக் கணக்கிலும் மூடிய இடமாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் ஒலிக் கட்டுப்பாட்டை மீறும் வாகனத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பின் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஸ்பீக்கரைக் காதருகே வைத்துக் குறைந்த சத்தத்தில் கேட்பவருக்கு இந்தச் சிக்கல் எதுவும் வராது. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலியும் அவருக்குக் கேட்கும்.

திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகள் கலைந்துவிடும் என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பறவைகள் தங்கும் மாதங்களில் விருந்தினரை அங்கே அழைத்துச் செல்லும் விடுதி ஜீப்புகள், கண்மாய்க் கரைக்குத் திரும்பும் முன்பே செட்டை அணைத்துவிட வேண்டும் என்பதை ஓட்டுநர்களுக்கு விடுதிக்காரர்கள் சொல்லிவைத்தால் நல்லது.

தங்கள் வாகனப் பகுதியில் இனிமேல் ஒரு ஸ்டீரியோவைப் பற்றி எழுதும்போது பெட்டியில் உள்ள வாட்டை மட்டும் வெளியிடாமல், ஆர்.எம்.எஸ். அளவு, ஸ்பீக்கரின் டெசிபல் எண், ஐ.பி. இலக்கங்கள், எத்தனை ஆம்பியர் ப்யூஸ் என்ற விவரங்களையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவை கையில் இருந்தால் வாடிக்கையாளர் கடைக்கு வரும்போதே சரியான கேள்வியோடு வருவார்.

இங்ஙனம்,
வாகன மின்பணியாளர் ஒருவர்,
செக்காலை, காரைக்குடி.