ஒன்பது பேர், ஒரு மதியம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்தை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. மற்றொரு கண்ணுக்கு எப்போது என்று எழுது. உன் பிள்ளைக்குக் குரல் உடைந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் நம்ப முடியவில்லை. கடைசியாகப் பார்த்தபோது என் காலைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று அழுதவன் அவன். அதை இப்போது அவனிடம் சொல்லிவிடாதே, வெட்கப்படுவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு குடும்பமும் சேர்ந்து நகர நடுவிலிருக்கும் அந்தப் பொழுதுபோக்கு வளாகத்துக்குப் போக நீ போட்டனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். பதினொன்றுக்கு 3டி படம், ஒன்றரைக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங், நாலுக்கு வி.ஆர். (கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு வேறொரு உலகத்தைப் பார்க்கும் விளையாட்டு), ஐந்துக்கு விளையாட்டு இயந்திரங்கள். பரீட்சைக்கு முன்னால் நீ கலர் பென்சிலில் போடும் அட்டவணைதான் ஞாபகம் வந்தது. அட்டவணை பிரமாதமாக இருக்கும், படிப்புதான் நடக்காது!

உன்னைக் கிண்டல் செய்ய எனக்குத் தகுதியில்லை. இரண்டு மாதத்துக்கு முன் நாங்கள் இதே மாதிரி ஒரு இடத்துக்கு இதே மாதிரி அட்டவணையோடுதான் போனோம். மூன்றாவது அயிட்டத்திலேயே சின்னவள் என் தோளில் தூங்கிவிட்டாள். அப்பாவுக்கு முட்டி வலி. மூன்று மாடி சுற்றியும் ஒரு பெஞ்சு கண்ணில் படவில்லை. உட்கார வேண்டுமென்றால் எதையாவது வாங்கியாக வேண்டும். கடைசியில் ஒரு கண்ணாடிச் சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காவலாளி வந்து எழுந்திருக்கச் சொன்னார். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்தார். வீடு வரும்வரைக்கும் பேசவில்லை.

அதற்கப்புறம் இந்த வளாகங்களைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். விக்டர் குரூயன் என்று ஒரு கட்டடக் கலைஞர். வியன்னாக்காரர், நாஜிகளுக்குத் தப்பி 1938-இல் அமெரிக்கா போனவர். கூரை போட்ட மூடிய ஷாப்பிங் மால்களுக்கெல்லாம் முன்னோடியான சவுத்டேலை மினசோட்டா மாநிலத்தில் கட்டியவர் அவர்தான். 1956-இல் திறந்தார்கள். வியன்னாவின் சதுக்கங்களைப்போல ஜனங்கள் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. நடந்தது வேறு. ஒன்றை வாங்க வந்தவர் வந்த காரியத்தை மறந்து சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இன்றைக்கு 'குரூயன் விளைவு' என்றே பெயர். மனிதர் நொந்துபோய், கடைசிக் காலத்தில் வியன்னாவுக்கே திரும்பிவிட்டார். அப்பா தரையில் உட்கார்ந்த கதையை அவரிடம் சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார்.

அதனால் உன் அட்டவணையில் கை வைக்கிறேன், கோபிக்காதே. முதலில் படத்தை எடுத்துவிடு. நாலு வருஷம் கழித்துப் பார்க்கப் போகிறோம். இருட்டில் இரண்டரை மணி நேரம் வரிசையாகத் திரையைப் பார்த்து உட்காரவா இவ்வளவு தூரம் வருவது? அதிலும் 3டி உன் மாமியாருக்கு வீண். இரண்டு கண்ணுக்கும் கொஞ்சம் வித்தியாசமான இரண்டு படங்களைக் காட்டி, மூளை அவற்றை ஒன்றாகச் சேர்ப்பதில்தான் ஆழம் தெரிகிறது. ஒரு கண் தெளிவாகவும் ஒரு கண் மங்கலாகவும் இருந்தால் அது சரியாகச் சேராது. போதாததற்கு அந்தக் கண்ணாடி வெளிச்சத்தையும் குறைத்துவிடும்.

வி.ஆர். பிள்ளைகளுக்கு மட்டும். அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால். கண் 'பறக்கிறோம்' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நாற்காலியில்தானே இருக்கிறோம்' என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு புரட்டிவிடும். என் மூத்தவன் போன தடவை சாப்பிட்டுவிட்டு ஏறினான். மீதியை எழுத வேண்டாம்.

பௌலிங் மட்டும் கட்டாயம் இருக்கட்டும். அங்கேதான் உட்கார இடம் உண்டு. ஒருவர் பந்தை உருட்டும்போது மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள், ஒன்பது பேருக்குப் பக்கத்துப் பக்கத்து லேன், அதாவது பந்து உருளும் பாதை, இரண்டு வேண்டும். பந்தில் எழுதியிருக்கும் எண் பவுண்டு எடை. உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு, குழந்தைகளுக்கு அதிலும் லேசாக எடு. முக்கியமாக, லேன் தொடங்கும் இடத்திலிருக்கும் கோட்டைத் தாண்டி யாரையும் விடாதே. பந்து வழுக்கிக்கொண்டு போவதற்காக லேனில் எண்ணெய் பூசியிருப்பார்கள். சின்னவள் தன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி, மல்லாந்து விழுந்து, அப்படியே சறுக்கிக்கொண்டு போனாள். நல்லவேளை, அடிபடவில்லை.

அன்றைக்கு முதலில் விளையாடியது பௌலிங்தான். அப்பாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். குனிய முடியாது, வேடிக்கை பார்க்கிறேன் என்றுதான் உட்கார்ந்திருந்தார். அங்கே வேலை செய்யும் பையன் ஒரு இரும்புச் சரிவைக் கொண்டுவந்து கோட்டுக்கு முன்னால் வைத்தான், சறுக்குமரம் மாதிரி. பந்தை அதன் உச்சியில் வைத்து விரலால் லேசாகத் தள்ளினால் போதும். அப்பா ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார், சரிவை இந்தப் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தினார், மறுபடி அந்தப் பக்கம் அரை விரற்கடை. பின்னால் எல்லோரும் காத்திருக்கிறார்கள். பிறகு தள்ளினார். அறுபதடி தூரத்தை அந்தப் பந்து கடந்த வேகம் இருக்கிறதே, நடுவில் நின்றுவிடும் என்றே நினைத்தேன். போய், அந்தக் கோடியில் நிறுத்தியிருக்கும் பத்துக் கட்டைகளில் (அவற்றைத்தான் 'பின்' என்கிறார்கள்) முதலாவதை லேசாகத் தொட்டது. ஒன்றன் மேல் ஒன்றாக ஒன்பது விழுந்தன. பத்தாவது ஆடியது, ஆடியது, நின்றுவிட்டது. அப்பா திரும்பி எங்களைப் பார்த்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த மாலை கெட்டுப்போனது பெஞ்சு இல்லாததால்தான்.

பொம்மையைக் கவ்வும் இயந்திரத்துக்கு மட்டும் பிள்ளைகளிடம் முன்னாலேயே ஒரு வரம்பு சொல்லிவிடு. அந்தக் கொக்கியின் பிடி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதையே இயந்திரத்தின் சொந்தக்காரர் மாற்றி வைக்கலாம். கைத்திறமை ஓரளவுக்குத்தான். இதை என் மூத்தவனிடம் விளக்கிப் பார்த்தேன், 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்றான்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். வண்டியை விட்டதும் தூணின் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்வோம். காலையில் கிளம்பும்போதே குழந்தைகளையும் அன்றைய உடுப்போடு ஒரு போட்டோ. தொலைந்தால் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லி வை. உன் மாமியார் எஸ்கலேட்டரில் ஏறுவாரா? தயக்கம் இருந்தால் சொல், லிஃப்ட் பக்கமிருக்கும் வாசலில் சந்திக்கலாம். முந்தின நாள் நானே போய் லிஃப்ட், கழிப்பறை, பெஞ்சு மூன்றும் எங்கே என்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். பெஞ்சே இல்லையென்றால் மடக்கு நாற்காலி எடுத்து வருவேன், யார் வந்து எழுப்புகிறார்கள் பார்ப்போம்.

உங்கள் நாலு பேரின் செருப்பு அளவையும் எழுதி அனுப்பு. பௌலிங் காலணிக்கு முன்னாலேயே சொல்லிவைத்தால் வரிசையில் நிற்க வேண்டாம். சாக்ஸ் எல்லோருக்கும் வேண்டும், உன் பிள்ளைக்கு இரண்டு ஜோடி எடுத்து வா. அப்பா இப்போதே அந்தப் பத்தாவது பின்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி