லாக்ஸ்டன் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் லாக்ஸ்டன் ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

நவம்பர் கடைசியில், நீங்கள் கோதுமை வயலை எல்லை பார்த்த நாளன்று வந்து, ஒரு பகல் முழுக்க உங்கள் பின்னாலேயே நடந்த கிழவன் எழுதுகிறேன். குரங்குக் குல்லாவும், அதற்கு மேல் மகளுடைய மழைக்கோட்டும் போட்டிருந்தவன் என்றால் சட்டென்று ஞாபகம் வரும். அன்றைக்கு ஏழெட்டுத் தடவை 'தேங்க்யூ' சொன்னேன். அதற்கு மேல் என் ஆங்கிலம் ஓடவில்லை. அதனால் என் பாஷையில் எழுதுகிறேன். மகள் படித்துச் சொல்வாள். எங்கள் ஆட்களும் நாலு பேர் படிக்கட்டுமே என்று பொதுவில் வைக்கிறேன்.

முதல் நன்றி, தெருமுனைப் பண்ணைவீட்டு அம்மாவுக்கு. பாட்டா ஷூவோடு வந்து நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தன் வீட்டுக்காரருடைய ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து போட்டார். ஒரு சைஸ் பெரிது. இரண்டு ஜோடி காலுறையும் அவரே கொடுத்தார். உங்கள் ஊர்ச் செங்களி எப்படிப்பட்டது என்று பத்தடி நடந்ததும் தெரிந்தது. ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ மண் சேர்ந்துகொண்டு வருகிறது.

எங்கள் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மத்திய இங்கிலாந்து கிராமங்களில் பெரும்பாலும் நிலம் இப்படித்தான் இருந்தது. ஊரைச் சுற்றி இரண்டு மூன்று பெரிய வயல்கள். வேலி கிடையாது. ஒவ்வொரு குடியானவனுக்கும் அந்த வயல்களுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீளநீளமான பட்டைகள். நல்ல மண்ணிலும் பங்கு, கெட்ட மண்ணிலும் பங்கு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான சட்டங்கள் போட்டு இந்தப் பட்டைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து வேலியடைத்துவிட்டார்கள். லாக்ஸ்டனில் மட்டும் பழைய முறை விவசாயமாகவே இன்னும் நடக்கிறது. மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், ஒன்று தரிசு; அடுத்த வருஷம் முறை மாறும். நிலம் நாலாபக்கமும் சிதறிக் கிடப்பதால் பண்ணைவீடு எதுவும் வயலுக்குள் இல்லை. எல்லாம் ஊர்த்தெருவில்தான், அதுவும் பக்கவாட்டுச் சுவரைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

இந்த ஊர் எப்படித் தப்பித்தது? கொள்கை கிள்கை ஒன்றுமில்லை. மேன்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு என்று நிலத்துக்கு இரண்டு பெரிய சொந்தக்காரர்கள். வேலியடைக்க இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை, காரியம் நடக்கவில்லை. பங்காளித் தகராறால் ஒரு நன்மை விளைந்தது என்று நான் கேள்விப்பட்டது இது ஒன்றுதான்!

நான் 31 வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். புலப்படமும் நிலம் அளக்கும் சங்கிலியும்தான் என் சோறு. வரப்புத் தகராறில் அளக்கப் போகும்போது பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் இல்லாமல் போன நாட்கள் குறைவு. உங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் 12 பேர் ஜூரியாகச் சேர்ந்து, கோதுமை விதைத்த வயலை எல்லை பார்க்கப் போகிறார்கள் என்று மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. அதனால்தான் நாட்டிங்காமிலிருந்து கிளம்பி வந்தேன்.

ஜூரியின் தலைவரான ஃபோர்மேனுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று மூன்று முறை சொன்னார். என் நாக்கு வளையவில்லை, 'சார்' என்றேதான் கூப்பிட்டேன். டிராக்டருக்குப் பின்னால் கட்டிய டிரெய்லரில் வைக்கோல் கட்டின்மேல் எனக்கும் ஓர் இடம் போட்டுக் கொடுத்தார். டிராக்டர் ஓட்டிய இளைஞர், ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எனக்காக எஞ்சினை அணைத்துவிட்டுக் கை கொடுத்தார்.

ஓரிடத்தை மட்டும் எழுதிவிடுகிறேன். கோதுமை விரல் நீளத்துக்கு முளைத்திருந்தது. வயலின் ஓரத்தில் உழாமல் விட்ட புல்வெளி இருக்கிறதே, நீங்கள் 'சைக்' என்கிறீர்களே, அது ஊருக்குப் பொது. ஃபோர்மேன் போன வருஷத்து எல்லை முளைக்குச்சியின் அருகே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடுத்த குச்சியைப் பார்த்தார். ஏர் ஒன்றரை அடி புல்லுக்குள் புகுந்திருந்தது. அந்தப் பட்டைக்காரர் யார் என்று பார்த்தால், ஜூரியில் ஒருவராக எங்களோடுதான் வந்துகொண்டிருக்கிறார்! எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பிடரியைச் சொறிந்துகொண்டு, "ஆமாம், போயிருக்கிறது" என்றார். சிரிப்பு. நோட்டில் ஒரு வரி. அவ்வளவுதான். அடுத்த குச்சிக்குப் போய்விட்டார்கள். என் சர்வீஸில் இதே ஒன்றரை அடி இரண்டு தலைமுறைக்கு வக்கீல் ஃபீஸ் கட்ட வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்த இடத்தில் புதுக் குச்சி ஒன்றை அடிக்கும்போது ஃபோர்மேன் மரச்சுத்தியலை என்னிடம் நீட்டினார். மூன்று அடி அடித்தேன். மூன்றாவது கோணலாக விழுந்தது. அவர் காலால் தட்டி நேராக்கிவிட்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

மத்தியானம் டவ்காட் விடுதியில் சாப்பாடு. எல்லோருக்கும் மாட்டிறைச்சி பை. நான் சைவம் என்று தெரிந்ததும் சமையற்கார அம்மா தோலோடு சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து, பீன்ஸும் சீஸும் போட்டுக் கொண்டுவந்தார். கேட்காமலேயே பக்கத்தில் ஒரு மிளகாய் சாஸ் பாட்டிலையும் வைத்தார். அம்மா, அந்த பாட்டிலில் பாதியைக் காலி செய்தது நான்தான்.

ஒரு வாரம் கழித்து அதே விடுதியில்தான் கோர்ட் கூடுமாம். கோர்ட் லீட் என்று பெயர்; நிலச் சொந்தக்காரர் சார்பில் ஸ்டூவர்ட் என்ற அதிகாரி தலைமை ஏற்பார். ஜூரி சொன்னபடி அபராதம், அடுத்த வருஷத்துக்குப் புது ஜூரி. 1977இல் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பழைய ஊர்க்கோர்ட்டுகளின் அதிகாரத்தையெல்லாம் சட்டம் போட்டு எடுத்தபோதும் லாக்ஸ்டனுக்கு விதிவிலக்கு கொடுத்தார்களாம். அதை என்னிடம் சொன்ன பெரியவருக்குத்தான் எத்தனை பெருமை! நிலம் கைமாறிய கதையையும் அவர்தான் சொன்னார்: 1952இல் மேன்வர்ஸ் பிரபு விவசாய அமைச்சகத்துக்கு விற்றார், 1981இல் அரச நிலங்களைப் பார்க்கும் கிரௌன் எஸ்டேட்டுக்குப் போனது, 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. தோர்ஸ்பி அந்த மேன்வர்ஸ் குடும்பத்து எஸ்டேட்தான். விற்ற வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

விடுதியின் பின்னால் இருக்கும் காட்சிக்கூடத்தை எனக்காகத் திறந்துவிட்ட அம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1635இல் மார்க் பியர்ஸ் என்ற சர்வேயர் வரைந்த ஊர்ப்படத்தின் நகலை அங்கே பார்த்தேன். அசல் ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறதாம். ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாக வரைந்திருக்கிறார். கூடவே ஒரு பதிவேடு: எந்தப் பட்டை யாரிடம், எத்தனை ஏக்கர், ஏக்கருக்கும் கீழே எத்தனை ரூட், எத்தனை பெர்ச். எங்கள் ஊர் நிலக் கணக்கான 'அ' பதிவேடேதான்! படத்தின் நடுவே குட்டிக் குட்டியாக ஆட்கள் ஏர் ஓட்டுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள். என் புலப்படங்களில் ஒரு மாட்டைக்கூட நான் வரைந்ததில்லை, வரைந்திருந்தால் தாசில்தார் மெமோ கொடுத்திருப்பார். கூடத்தைப் பூட்டும் நேரம் தாண்டியும் அந்த அம்மா சாவியை ஆட்டவில்லை. தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கோட்டை மேட்டையும் செயின்ட் மைக்கேல் தேவாலயத்தையும் பார்க்காமல் போனது அந்தப் படத்தால்தான், வருத்தமில்லை.

இருட்டிய பிறகு டக்ஸ்ஃபோர்டு வரை காரில் கொண்டுபோய் விட்டு, பஸ் வரும்வரை கூடவே நின்ற தம்பதிக்கும் நன்றி.

பூட்ஸ் விஷயம். அதைக் காலில் மாட்டிக்கொண்டே வந்துவிட்டேன். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் தெரிந்தது. என் ஷூ உங்கள் திண்ணையில் கிடக்கிறது. பூட்ஸை இரண்டு முறை கழுவிவிட்டேன், அடிப்பாகத்துப் பள்ளங்களுக்குள் போன செம்மண் மட்டும் வரவில்லை. பல்துலக்கும் பழைய பிரஷ் ஒன்றை மகள் தேடிக்கொண்டிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள்.