எழுதிக் கொடுத்த வீடு யார் கணக்கில்?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்குத் தைலமே போதும் என்று டாக்டரைத் தள்ளிப் போடாதே.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். முப்பது வருஷம் செட்டில்மென்ட் பத்திரம் எழுதியவன் நீ. "குற்றத்தில் சம்பாதித்தவன் வீட்டைப் பெண்டாட்டி பேருக்கு மாற்றிவிட்டால் லண்டன் கோர்ட்டு என்ன செய்யும்?" என்று கேட்டிருக்கிறாய். கோர்ட்டுக்குப் பத்திரத்தைத் தொட வேண்டியதே இல்லை, கணக்கிலேயே பிடித்துவிடும்.

இங்கிலாந்தில் 2002இல் வந்த பறிமுதல் சட்டம் அப்படி; குற்றத்தில் கிடைத்த லாபத்தைப் பணமாகக் கட்டச் சொல்லும். குற்றவாளியால் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்க்கும்போது, கையில் இருப்பதோடு அவன் கொடுத்த 'கறைபட்ட' பரிசுகளையும் கூட்டுவார்கள். குற்றமே அவன் பிழைப்பு என்று முடிவானால், வழக்குக்கு முந்தைய 6 ஆண்டுகளில் கொடுத்ததெல்லாம் கறைதான்.

அதற்கு விலை போடுவதுதான் வேடிக்கை. கொடுத்த அன்றைய மதிப்பைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்துவார்கள்; பொருளின் இன்றைய சந்தை மதிப்பையும் பார்ப்பார்கள். எது அதிகமோ அதுதான். வீடு விலை ஏறினால் இன்றைய விலை. கார் தேய்ந்து போயிருந்தால் அன்றைய விலை. தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்த ரொக்கம் பந்தியோடு தீர்ந்திருந்தாலும் கணக்கில் உண்டு.

பேருக்குக் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு 'விற்றாலும்' தப்ப முடியாது. 2,00,000 பவுண்டு வீட்டைத் தம்பிக்கு 50,000க்குக் கொடுத்தால், முக்கால் பங்கு பரிசு. இன்று அந்த வீடு 3,20,000 போகுமென்றால் 2,40,000 அண்ணன் தலையில். உங்கள் ஊர் வழிகாட்டி மதிப்பெல்லாம் இங்கே செல்லாது!

எனக்கு நெருடுவது ஒன்றுதான். மனைவி பிரிந்து போய், வீட்டைத் திருப்பித் தர மாட்டேன் என்றால்? பரிசைத் திரும்பப் பெற முடியுமா என்பது இந்தக் கணக்கில் வராது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டாவிட்டால் சிறை, கட்ட வேண்டியது 10,000 பவுண்டுக்கு மேல் 5,00,000 வரை என்றால் 5 ஆண்டு வரை. உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் கடன் தீராது. அவள் மனம் இரங்காததற்கு இவன் உள்ளே இருப்பதா என்று தோன்றும். விட்டுவிட்டால் ஊரில் ஒவ்வொரு திருடனும் முதலில் உன் மாதிரி ஆளைத்தான் தேடி வருவான், அதுவும் உண்மை.

அப்புறம், தையில் வருகிறேன். அண்ணன் மகனுக்கு அந்த மனையை எழுதித் தர வேண்டும். சாட்சிக்கு இரண்டு பேரைச் சொல்லி வை. முறைக்காதே, அது சம்பளக் காசில் வாங்கியது.

உன்,
பழைய அறைத்தோழன்