‘நேர்மறை’ என்றொரு கடிதம்: டெங்கு ஆய்வுக் குழுவினருக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களுக்கும் ஆய்வுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

எங்கள் தொடர்மாடிக்கு நீங்கள் வந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். நான்கு மாடிகள், மின்தூக்கி கிடையாது. உங்கள் குழுவில் இருந்த இளம் பிள்ளைகள் குளிர்ப்பெட்டியைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். ஒரு வீட்டிலும் கதவைச் சாத்தவில்லை. தேநீர் கொடுத்தோம். ஊசியைக் கண்டு அலறிய சிறுவர்களின் கண்ணைப் பொத்தி, எறும்பு கடிப்பது போலத்தான் இருக்கும் என்று பொய் சொல்லிக் குருதி எடுக்க விட்டோம். ‘முடிவுகள் பங்கேற்றோருக்கு அறியத்தரப்படும்’ என்று ஒப்புதல் படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நீங்களும் அறியத்தந்தீர்கள். அந்த அறியத்தருதலைப் பற்றித்தான் இந்த மடல்.

இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு தாய்க்கு உங்களிடமிருந்து தமிழில் கடிதம் வந்தது. ‘தங்கள் குழந்தையின் மாதிரி டெங்கு ஆன்டிபாடிக்கு நேர்மறையாகக் காணப்பட்டது’ என்று அதில் எழுதியிருந்தது. நேர்மறை என்றால் என்ன? பாடசாலைச் சுவரில் ‘நேர்மறையாகச் சிந்திப்போம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஞாயிறு மலர்களில் நேர்மறை எண்ணங்களின் பலன்களைப் பற்றிக் கட்டுரை வருகிறது. நல்லது என்றுதான் அந்தத் தாய் எடுத்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரியும் ஏற்றிவிட்டு வந்தார்.

ஆறு வாரம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல். டெங்குச் சோதனையில் நல்லது என்று வந்த பிள்ளைதானே, இது மழைக் காய்ச்சலாக இருக்கும் என்று பரசிட்டமோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. நிம்மதியாகப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற வேளைதான் ஆபத்தான வேளை என்பதும், குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து பிள்ளை சோர்ந்துபோகும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது என்பதும் உங்களுக்கு மனப்பாடம். அவருக்கு யார் சொன்னார்கள்? பத்தரை மணிக்குப் பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறான், கைகால் குளிர்ந்திருக்கிறது என்றார்கள்.

ஓட்டோவில் நானும் கூடப்போனேன். மருத்துவமனை விடுதியில் வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, பிள்ளைக்கு முன்பு டெங்கு வந்திருக்கிறதா என்பது. அந்தத் தாய் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: “இல்லை சேர். போன மாதம்தான் சோதித்தார்கள். நல்லது என்று கடிதம் வந்தது.”

பிள்ளை பிழைத்துவிட்டான். அது அந்த விடுதியில் கண்விழித்தவர்களின் புண்ணியம். மூன்றாம் நாள் உங்கள் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

நான் 30 ஆண்டுகள் தமிழ்மொழிமூலம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை மருத்துவமனை வாங்கில் உட்கார்ந்தே சொல்லிவிட்டேன். டெங்குவை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி குருதியில் இருக்கிறது என்பதுதான் ‘நேர்மறை’. அதாவது உங்கள் மகனுக்கு முன்பொரு தடவை டெங்கு வந்து போயிருக்கிறது; பலருக்கு அது வந்த சுவடே தெரியாமல் போய்விடும். டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரே வீட்டு அண்ணன் தம்பிமார் மாதிரி. மூத்தவனைப் பிடித்த காவற்காரன், அதாவது அந்த ஆன்டிபாடி, இளையவனைச் சரியாக அடையாளம் காணாமல், சில வேளை அவனே கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்துவிடுவான். அதனால் இரண்டாம் தடவை வேறு வகை வந்தால் கடுமையாகலாம். இனிக் காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் குருதி சோதியுங்கள். பரசிட்டமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்து கொடுக்காதீர்கள். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கண்ணுக்குள் வைத்திருங்கள். இவ்வளவுதான். ஐந்து நிமிடம் பிடித்தது. அந்தத் தாய் சாதாரண தரம் வரை படித்தவர். ஒரு கேள்விதான் கேட்டார்: “இதை ஏன் அவர்கள் எழுதவில்லை, மாஸ்டர்?”

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் அனுப்புகிறேன். எங்களிடமிருந்து எடுத்ததை, எங்களுக்கு விளங்கும்படி, எங்களுக்குத் திருப்பிச் சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

கடிதத்தின் கடைசி வரி, ‘கொசுக்களிடமிருந்து விழிப்புணர்வுடன் இருக்கவும்’ என்றது. கொழும்பில் எங்களை நுளம்பு கடிக்கிறது, ஐயா. கொசு என்றால் விளங்காதா? விளங்கும். ஆனால் இதை எழுதியது எங்களில் ஒருவரும் அல்ல, எங்களில் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்க்கவுமில்லை என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. இயந்திரம் மொழிபெயர்த்ததை அப்படியே அச்சடித்திருக்கிறீர்கள். ஆன்டிபாடிக்கு எங்கள் பாடநூலில் ‘பிறபொருளெதிரி’ என்ற சொல் எத்தனையோ காலமாக இருக்கிறது. அதைக்கூட ஒருவரும் தேடவில்லை. பிறகு, நுளம்புகளிடமிருந்து எப்படி ‘விழிப்புணர்வுடன்’ இருப்பது? அதிகாலையிலும் மாலை மங்குமுன்னும்தான் அதிகம் கடிக்கும், பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள் என்று எழுதலாம். முட்டை ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகிவிடும், ஆகவே கிழமைக்கொரு தடவை கூரைப்பீலியையும் பூச்சாடித் தட்டையும் பாருங்கள், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று எழுதலாம்.

இனி உங்கள் ஆய்வு முடிவுகளை வெளியிட்ட அந்த விழா. கொழும்பு 7இல் குளிரூட்டிய மண்டபம். அழைத்ததற்கு நன்றி, அந்தத் தாயும் வந்திருந்தார், கடைசி வரிசையில், மடியில் பிள்ளையோடு. மூன்று மணித்தியாலம் ஆங்கிலம். இடையில் திரையில் ஒரு வரைபடம் வந்தது. எங்கள் தெரு சிவப்பாக இருந்தது. ஏன் சிவப்பு என்று நான் எழுந்து தமிழில் கேட்டேன். நேரம் போதாது, மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். இரண்டு மாதமாகிறது. கடைசித் திரையில் ‘சமூகப் பங்கேற்பு மிகச் சிறப்பு’ என்று வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தாயும் தட்டினார், மற்றவர்கள் தட்டுகிறார்களே என்று.

உங்கள் துறையின் பெருமையை நான் குறைக்கவில்லை. 2017இல் இந்த நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள். அந்த ஆண்டு எங்கள் தொடர்மாடியில் காய்ச்சல் காணாத வீடு குறைவு. ஆய்வு வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020இல் கொழும்புப் பக்கம் சில இடங்களில் வொல்பாக்கியா என்ற பற்றீரியா ஏற்றிய நுளம்புகளை விட்டபோது, நுளம்பைக் கொல்லச் சொன்னவர்களே நுளம்பை விடுகிறார்களாமே என்று எங்கள் மாடிப்படியில் பெரிய வழக்கே நடந்தது. அந்தப் பற்றீரியா உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் நுளம்பின் உடம்பில் பெருகுவது கடினம் என்று சொன்னேன். பிறகு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் பரீட்சித்துப் பார்த்த முடிவு 2021இல் வெளிவந்தது. டெங்கு நோயில் 77 சதவீதக் குறைவு என்று அதை வாசித்துக் காட்டியபோது ஒருவர் முகத்திலும் சலனமில்லை. 100 பேருக்கு வந்திருக்கக்கூடிய இடத்தில் 23 பேருக்குத்தான் வந்தது என்றேன். “அப்படியானால் இங்கேயும் விடட்டுமே” என்றார் கீழ்மாடிக் கடைக்காரர். சனத்துக்கு விளங்காது என்று சொல்கிறவர்கள் சனத்திடம் ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்தார்களா?

நீங்கள் பேசாமல் விடுகிற இடத்தில் வேறு யாரோ பேசுகிறார்கள். 2020 டிசம்பரில் கொவிட்டைத் தீர்க்கும் பாணி என்று கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றதை நாடே பார்த்தது. பாணிக்காரருக்குச் சனத்தின் மொழி தெரிந்திருந்தது. அது ஒன்றுதான் அவரிடம் இருந்த விஞ்ஞானம். அதே ஆண்டு, கொவிட்டில் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும், புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று நிபுணர்களின் பெயரால் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலோ அடக்கத்தையும் அனுமதித்தது. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அந்த மாதங்களில் விழுந்த கண்ணீருக்கு எவரும் எளிய மொழியில் ஒரு காரணம் சொல்லவில்லை. 2021 பெப்ரவரியில் விதி மாறியது, 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. விஞ்ஞானம் என்று ஆரம்பித்து, மன்னிப்பு என்று முடிந்தது.

மன்னிக்கவும். அதற்கு நீங்கள் பொறுப்பல்ல. வயதானவனின் கோபம் ஒரு தெருவில் நிற்பதில்லை.

தமிழில் எழுத ஆளில்லை என்று சொல்லிவிடாதீர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்கினார். கடல் கடந்து வந்தவருக்கு இயன்றது, மருதானையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வருகிறவர்களுக்கு இயலாதா? தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று. ஆனால் சட்டத்தைக் காட்டிக் கேட்க எனக்கு விருப்பமில்லை. குருதி கொடுத்தவர்கள் என்ற முறையில் கேட்கிறோம்.

ஆகவே தாழ்மையுடன் வேண்டுவது: அந்தக் கடிதத்தை மீளப் பெற்று, ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் எங்கள் மாடியிலுள்ள இரண்டு தாய்மாரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர்கள் நெற்றியைச் சுருக்கும் இடத்தைத் திருத்துங்கள். பிழை பார்க்க நான் வருகிறேன், ஒரு சதமும் வேண்டாம். பிறகு ஒரு மாலை, மடிக்கணினியும் திரையும் இல்லாமல் எங்கள் பொது மண்டபத்துக்கு வாருங்கள். எங்கள் தெரு ஏன் சிவப்பு என்று சொல்லுங்கள். எங்களிடம் எடுத்ததை எங்களிடம் சொல்லுங்கள்.

போயா நாட்களில் மண்டபம் வாடகையின்றிக் கிடைக்கும். முதல் நாள் அறிவித்தால் நாற்காலிகளை நாங்களே அடுக்கிவைக்கிறோம். தேநீரும் இருக்கும்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வாசி ஒருவர்
(ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்)