முன் வளவை மூடாதீர்கள்: லண்டன் புறநகரில் வீடு வாங்கும் எங்கள் சனத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். ஹரோ, ரெய்னர்ஸ் லேன், நோர்த்தோல்ட் பக்கம் எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் முதலில் பால் காய்ச்சுகிறார்கள். அடுத்த வேலை, முன் வளவைக் கிண்டிக் கல் பதிக்க ஆள் பிடிப்பது. பிரிவெட் செடி வேலி போகும், புல் போகும், முந்தி இருந்தவர் வைத்த ரோசாவும் போகும். மூன்று கார் நிற்க இடம் வரும்.

திட்டுவதற்காக எழுதவில்லை. இரவு ஷிப்ட், பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், டியூஷன், மிருதங்க வகுப்பு என்று ஓடுகிற வீட்டில் ஒரு கார் காணாது என்று எனக்கும் தெரியும். ஈலிங் அம்மன் தேருக்கு வெளியூரிலிருந்து சொந்தக்காரர் வந்து இறங்கினால், பிறகு சொல்லவே வேண்டாம். இதைத் தொடக்கி வைத்தவர்களும் நாங்கள் இல்லை. லண்டனின் முன் தோட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓரளவாவது மூடப்பட்டுவிட்டன, மூடிய நிலத்தின் பரப்பு 22 ஹைட் பார்க் அளவு என்று லண்டன் அசெம்பிளியின் அறிக்கை ஒன்று 2005 இலேயே சொல்லிவிட்டது. அப்போது எங்களில் பாதிப் பேர் இன்னும் அறை வாடகையில் இருந்தோம்.

ஆனாலும் எங்களிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. இந்த இடங்களின் அமைதி எப்படிப்பட்டது என்று ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். வந்த கிழமையே கேட்பார்கள்: "இஞ்சை மனிசர் இருக்கினமோ?" காலை எட்டு மணிக்குக் கதவுகள் சாத்தப்படும் சத்தம். பிறகு தபால்காரர். பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மாரியில் நாலு மணிக்கே இருட்டிவிடும். திரைச்சீலைக்குப் பின்னால் தொலைக்காட்சி வெளிச்சம் மட்டும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரின் நாயின் பெயர் தெரிந்திருக்கும், அவருடைய பெயர் தெரியாது.

இந்த அமைதிக்குள் மனிசரோடு மனிசர் கதைக்கிற ஒரே இடம் முன் வளவுதான். சட்டமே அப்படி அமைந்திருக்கிறது. பின் பக்கத்தில் அனுமதி கேட்காமல் 2 மீற்றர் உயரத்துக்கு வேலி அடைக்கலாம். யாரும் யாரையும் பார்க்க முடியாது. வீதியோரமாக 1 மீற்றர்தான். இடுப்புக்குக் கொஞ்சம் மேல். கையை ஊன்றிக்கொண்டு கதைக்கிற உயரம்.

என் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அவரின் முதல் சிநேகிதி எதிர் வீட்டுக் கிழவி. பெரிய படிப்பாளி, ஓய்வு பெற்றவர். இருவரும் முன் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விடுகிற நேரம் ஒன்று. ஒரு நாள் அந்த அம்மா ஒரு கட்டு ருபாப் கொண்டுவந்து கொடுத்தார், இலையோடு. சிவந்த தண்டு, யானைக் காது மாதிரி இலை. என் அம்மா தண்டை முறித்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, இலையை வறைக்கு அரிவதாகக் கையால் காட்டினார். எதிர் வீட்டு அம்மா பதறிப்போய் இலையைப் பிடுங்கி, தன் தொண்டையைப் பிடித்து, கண்ணைச் செருகி, செத்துப் போகிற மாதிரி நடித்துக் காட்டினார். ருபாப் இலையில் ஒக்சாலிக் அமிலம் அதிகம், தின்னக் கூடாது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தண்டைப் புளிக்குப் பதிலாக மீன் குழம்பில் போட்டார், மோசமில்லை. அதற்குப் பிறகு வெந்தயக்கீரை அந்தப் பக்கம் போகும், ஆப்பிள் இந்தப் பக்கம் வரும். யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியில் பொட்டு, அதாவது அயலவர் வந்து போக ஒரு சின்ன இடைவெளி, வைத்திருந்தோமே, அதுபோல. எல்லை வேலிக்காகக் கோர்ட் ஏறினாலும் பொட்டை அடைக்காத ஆட்கள் நாங்கள்.

நாங்கள் வாங்குகிற இந்த 1930 களின் செமி வீடுகள் (ஒரு சுவரால் ஒட்டிய இரட்டை வீடுகள்) எதைக் காட்டி விற்கப்பட்டன என்பதும் யோசிக்க வேண்டியது. மெட்ரோபொலிட்டன் ரயில்வே 1915 இல் 'மெட்ரோலாண்ட்' என்று பெயர் வைத்து இந்தப் பக்கங்களை விளம்பரம் செய்தது. நகரத்துப் புகைக்குள் வாடகைக்கு இருந்தவனிடம், ரயிலடிக்குப் பக்கத்தில் தோட்டத்தோடு ஒரு வீடு என்றது. அந்தத் தோட்டத்துக்கும் சேர்த்துத்தான் நாங்களும் இப்போது முப்பது வருடக் கடன் கட்டுகிறோம்.

சரி, கதைக்கிறது, சிரிக்கிறது எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். தண்ணீருக்கு வருவோம். எங்கள் காலடியில் இருப்பது லண்டன் களிமண்; தண்ணீரை மெல்லத்தான் குடிக்கும். அதற்கு மேலே கொங்கிறீட் போட்டால் மழை முழுக்க வீதிக்கு ஓடும், வீதி வடிகால் கொள்ளாது, பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்குள் போகும். 2007 கோடையில் வட இங்கிலாந்தின் ஹல் நகரத்து வீடுகளுக்குள் புகுந்தது பெரும்பாலும் ஆற்று வெள்ளமில்லை, இப்படி வடியாமல் நின்ற மழைத் தண்ணீர். 2021 யூலையில் லண்டனே பார்த்தது. 25 ஆம் திகதி விப்ஸ் குரொஸ், நியூஹாம் மருத்துவமனைகள் அவசரப் பிரிவுக்கு வர இருந்தவர்களை வேறிடம் போகச் சொன்னன.

அதனால்தான் 2008 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரு விதி இருக்கிறது. முன் தோட்டத்தில் 5 சதுர மீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்காத தரை போட்டு, அந்தத் தண்ணீரை வீதிக்கு விட்டால் கவுன்சிலிடம் திட்ட அனுமதி (planning permission) எடுக்க வேண்டும். சரளைக் கல், தண்ணீர் இறங்கும் கல் என்றால், அல்லது சரிவை ஒரு பூப்பாத்திப் பக்கம் வைத்தால், அனுமதி தேவையில்லை. கல் பதிக்க வருகிறவர் "அதெல்லாம் ஒருத்தரும் பார்க்க மாட்டினம் அண்ணை" என்று சொல்லுவார். பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம். வீட்டை விற்கப் போகும்போது வாங்குகிறவரின் வக்கீல் கட்டாயம் பார்ப்பார்.

கார் உள்ளே ஏற வசதியாக நடைபாதையின் ஓரக் கல்லைப் பதித்து இறக்கவும் கவுன்சிலின் அனுமதி வேண்டும். அதில் இன்னொன்று இருக்கிறது: உங்கள் வாசலில் கல்லை இறக்கியதும் அந்த இடத்தில் வீதியில் உங்களைக் கேட்காமல் யாரும் கார் விட முடியாது. உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கிறது, தெருவுக்கு ஓர் இடம் போகிறது. எல்லோரும் செய்தால் விருந்தாளியின் கார் எங்கே நிற்கும்? அப்புறம் பக்கத்து வீட்டு வாசலை மறித்து விடுவோம். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

கார் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு காருக்கு இடம் விடுங்கள், மூன்றாவதை வீதியில் விடுங்கள். டயர் ஓடுகிற இடத்துக்கு மட்டும் கல் போட்டு நடுவில் சரளை போடலாம். பக்கத்து வீட்டுப் பக்கமாக ஒரு மீற்றர் அகலத்தில் மண்ணை விட்டுவிடுங்கள். ஊரிலிருந்து வந்த அம்மா அதில் மல்லியும் கீரையும் போடட்டும், போகிறவர் வருகிறவர் அது என்ன செடி என்று கேட்கட்டும். பின் வேலியின் அடியில் 13 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு ஓட்டை விட்டால் முள்ளெலிகள் இரவில் வளவு விட்டு வளவு போய் நத்தைகளைத் தின்னும். 2020 இல் பிரித்தானியாவின் சிவப்புப் பட்டியலில், அதாவது அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில், ஏறிவிட்ட பிராணி அது. வெள்ளைக்காரர் வைக்கும் பொட்டு!

ஏற்கெனவே முற்பணம் கொடுத்துவிட்டவர்களுக்கு: தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கல் பதிக்கிறவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் "வீதிக்கு" என்றால் வரைபடத்தை மாற்றச் சொல்லுங்கள். செடி வேலியை எடுத்தே தீருவதென்றால் செப்டெம்பர் வரை பொறுங்கள். மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை குருவிகள் கூடு கட்டுகிற காலம். குருவி இருக்கிற கூட்டை வேண்டுமென்றே கலைப்பது 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இப்படிக்கு,
மெட்ரோபொலிட்டன் பாதையோரம் வசிக்கும் உங்களில் ஒருவர்